கப்பலடிக்குச் சொன்ன ஸலாம்

சாய்ந்தமருது மீராமுகைதீன் காக்கா முப்பது வருடமாக ஒரு கப்பலின் மேல் தூண்டில் போட்டவர். உலக யுத்தத்தில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போன நாசகாரிப் போர்க்கப்பல் அது. விமானங்கள் குண்டு போட்டு, ஒரு பகலில் மாலுமிகளோடு அடிக்குப் போனது. கடலின் மேல் ஓடியது ஐந்து வருடம். கீழே மீன்களுக்கு வீடாகக் கிடப்பது எண்பது வருடத்துக்கு மேல். பீரங்கிக் குழலுக்குள் களவாய் மீன் குடியிருக்கிறதாம், மாலுமிகளின் ஏணியில் பாரை மீன்கள் நின்றபடி தூங்குகின்றனவாம். காக்கா கீழே சுழியோடிப் பார்த்தவரில்லை. தூண்டில் நூல் சொல்லும் என்பார்.

அந்த இடத்தில் மட்டும் ஸலாம் சொல்வார், மையவாடியைக் கடக்கும்போது மண்ணுக்குள் அடங்கியிருப்பவர்களுக்குச் சொல்வதுபோல.

"அவங்க வெள்ளக்காரங்க காக்கா" என்று ஊரே பகிடி பண்ணும்.

இந்த வருடம் அவருடைய படகு இஞ்சின் செத்துப்போனது. தங்கையின் புருஷனான தையல்காரன் முஸ்தாக், மூழ்கிய கப்பல்களில் இரும்பு வெட்டி விற்கும் வெளியூர் ஆட்கள் இருவரைப் படகோடு கூட்டிவந்தான்.

"மச்சான், இடத்த மட்டும் காட்டு. புது இஞ்சின் ஒனக்கு."

"அத வெட்டினா மீன் எங்கடா போகும்?"

"மீனுக்கு வேற வீடு கிடைக்கும். ஒனக்கு வேற இஞ்சின் கிடைக்குமா?"

காக்கா ஏறினார். கப்பலைத் தாண்டி, அடியில் வெறும் மணல் உள்ள இடத்தில் நிறுத்தி, 'கப்பல மண் மூடிப்போச்சு' என்று சொல்லிவிடுவது அவர் நினைப்பு. கடல் மருதமுனைத் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்போல அசையாமல் கிடந்தது. கப்பல் கிடக்கும் இடத்தில் தண்ணீர் கறுத்தது. பழகிய வாய், தானாகத் திறந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

முஸ்தாக் துள்ளி எழுந்தான். "நிப்பாட்டுங்க! இங்கதான்! கப்பலுக்கு மட்டும்தான் இவர் ஸலாம் சொல்ற!"

நங்கூரக் கயிற்றை அவிழ்ப்பதற்குள் படகு வழுக்கிப் போயிருந்தது. காக்கா திரும்பிப் பார்க்காமல் மறுபடி ஸலாம் சொன்னார். கொஞ்சம் தள்ளி மறுபடி. வெளியூர்க்காரர் சிரித்தார்கள்.

"என்ன மச்சான், கடல் முழுக்க மையவாடியா?" என்றான் முஸ்தாக்.

"ஓம். சுனாமியில போன ஆக்கள் எந்த இடத்துல இரிக்காங்க எண்டு நீ சொல்லு பாப்பம்."

முஸ்தாக்கின் உம்மாவை அந்த அலைதான் கொண்டுபோனது, அடக்குவதற்கு மையத்துக்கூடக் கிடைக்கவில்லை. மூன்றாவது ஸலாமை ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை என்று காக்கா பிறகு சொன்னார்.

முஸ்தாக் தண்ணீரையே பார்த்துக்கொண்டு குந்தினான். உதடு மட்டும் அசைந்தது. பிறகு, "திருப்புங்க" என்றான்.

இப்போது காக்கா இன்னொருவரின் படகில் கையாளாகப் போகிறார். அந்தப் படகு கப்பல் பக்கம் போவதில்லை. அவரும் வழி சொல்வதில்லை.