இரண்டு கேபிளுக்கு ஒரு மொட்டைமாடி

மூளை என்று ஒன்று இருக்கும் எவனும் ஒரே வீட்டுக்கு இரண்டு கேபிள்காரர்களிடம் இன்டர்நெட் வாங்கமாட்டான். நான் வாங்கினேன். வாங்கியதோடு வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது பரவாயில்லை. ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பெரிய ராஜதந்திரம் மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று அறுந்தால் இன்னொன்று, எப்படி என் யோசனை? கேட்டவர்களில் ஒருவராவது அப்போதே என் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். பிறகு விழுந்த அடிகளில் பாதியாவது மிச்சமாகியிருக்கும்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், கோவிலம்பாக்கத்துக்கும் உள்ளே, ஏரியை ஒட்டிய மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். சொந்தக்காரர்களிடம் சென்னை என்று சொல்லிக்கொள்வோம். வாசலில் எருமை கட்டியிருக்கும், மழை பெய்தால் கட்டுவிரியன் வரும். தொலைபேசி ஆபீசில் போய் பிராட்பேண்ட் கேட்டால் கவுன்ட்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "உங்க ஏரியாவுக்கு ஃபீசிபிலிட்டி இல்ல சார்" என்பார். எக்ஸ்சேஞ்சிலிருந்து அவ்வளவு தூரம் ஒயர் வந்தால் வழியிலேயே வேகம் செத்துப்போகுமாம்.

நெட் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் குடி முழுகாது. கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பவனுக்கு டிவி போதும். என் மனைவிக்குத்தான் அது பிழைப்பு. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு முணுமுணுத்துப் பதிவு செய்வதைக் கேட்டு, டைப் அடித்துத் திருப்பி அனுப்பும் வேலை. கம்பெனி தாம்பரத்தில் இருந்தது. கைக்குழந்தை வந்த பிறகு வீட்டிலிருந்தே செய்யச் சம்மதித்தார்கள். லைன் இல்லை என்ற பேச்சே வரக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை. அவள் தயங்கினாள். நான்தான் மார்பைத் தட்டி, "லைனை நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் நெட் என்றால் கேபிள் டிவிக்காரர்தான். தென்னை, முருங்கை, லைட் கம்பம், யார் வீட்டு மாடி என்று பார்க்காமல் நீல ஒயரை இழுத்துக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக உள்ளே விடுவார். அப்படி இரண்டு பேர் இருந்தார்கள், எங்கள் தெருதான் அவர்களுக்கு எல்லை. எங்கள் சாரி வரை மெயின்ரோட்டுக்காரருடையது. எதிர்ச்சாரியிலிருந்து ஏரிக்கரைக்காரருடையது. ஒரு காலத்தில் கூட்டாகத் தொழில் செய்தவர்கள் அவர்கள். ஏரிக்கரைக்காரரின் அக்காவைத்தான் மெயின்ரோட்டுக்காரர் கட்டியிருந்தார். மாமாவும் மச்சானும் பிரிந்தபோது ஊரைத் தெருத்தெருவாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள், உள்ளே குடியிருக்கும் எங்களையும் சேர்த்து. இந்தச் சாரி வீடு அந்தச் சாரி ஒயரைத் தொடக் கூடாது. யாரும் சொல்லித் தரமாட்டார்கள், ஆனால் எருமைக்குக்கூடத் தெரியும்.

பிரிந்தார்களே தவிர ஒருவரை ஒருவர் விட்டபாடில்லை. இவர் ஆள் அவர் ஒயரை அறுப்பான். அவர் ஆள் இவர் கனெக்‌ஷன் பெட்டியைக் கல்லால் நசுக்குவான். கம்பத்தில் ஏறியிருந்தவனின் ஏணியை உருவிவிட்டு, அவன் விழுந்து இடுப்பு உடைந்து அலறுவதைப் பார்த்தபடி பீடி பற்றவைத்தான் ஒருவன். டீக்கடையில் நடந்த ரகளையில் கொதிக்கிற பாலை ஏரிக்கரைக்காரர் கழுத்தில் ஊற்றிவிட்டார்கள். அதன் பிறகு அந்த இடத்துத் தோல் சுருங்கிப்போய் அவர் திரும்பிப் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது. இவர்கள் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் என் மனைவியின் லைன் செத்தது. கம்பெனியிலிருந்து போன் வந்தது. இன்னொரு ஃபைல் தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம்.

அப்போதுதான் என் ராஜதந்திரம் விழித்துக்கொண்டது. நேராக ஏரிக்கரைக்காரரிடம் போனேன்.

"அண்ணா, எனக்கு ஒரு ஸ்பேர் லைன் வேணும். வெளியில தெரியாம."

உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தார். "சார், உங்க வூடு மாமா சைடுல கீது?"

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு மலர்ந்தது. என்மேல் பிரியம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது உபரியாக ஒரு ஒயர். அவருக்கோ மாமா நிலத்தில் ஒரு காணி கைக்கு வந்த மாதிரி. இது என் மண்டையில் ஏறவேயில்லை. பின்பக்கக் கொய்யா மரத்தின் இலைக்குள் ஒளிந்து ஒளிந்து ஒயர் வந்தது. மறுநாளே அவர் டீக்கடையில் உட்கார்ந்து அதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி ஹெட்போன் மாட்டி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். மேஜையில் இரண்டு ஒயரும் தொங்கும். எதற்கு உயிர் இருக்கிறதோ அதை எடுத்துச் செருகிக்கொள்வாள். "பெரிய ஃபைல். மதியத்துக்குள்ள போகலன்னா இதோட சரி" என்று சொல்லியிருந்தாள்.

வாசலில் மெயின்ரோட்டுக்காரர் நின்றார். கையில் வெட்டுக்கத்தி. பின்னால் இரும்புக் குழாயோடு இரண்டு ஆட்கள்.

"இன்னா சார், உன்கு நான் இன்னா கொற வெச்சேன்? மச்சான் ஒயரு நம்ம ஏரியால இன்னா பண்ணிக்கினு கீது?"

"அண்ணா, அது சும்மா ஸ்பேருக்கு..."

"ஸ்பேரா? பொண்டாட்டி கீறப்பவும் ஸ்பேர் வெச்சிப்பியா?"

பதில் யோசிப்பதற்குள் அறை விழுந்தது. காதுக்குள் பழைய டயல்-அப் மோடம் கூவியது. நான் சுவரைப் பிடித்து நிமிர்வதற்குள் மூவரும் மாடிக்கு ஏறிவிட்டார்கள். யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும், ஏரிக்கரைக்காரரும் தன் ஆட்களோடு கொய்யா மரம் வழியாக மாடிக்கே வந்து குதித்தார்.

நான் மேலே போனபோது ஒருவன் முட்டியில் குழாய் இறங்கியது. விறகு முறிகிற சத்தம். இன்னொருவன் எதிராளியின் காதைப் பல்லால் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றான். துணி காயும் கம்பியை ஒருவன் கழுத்தில் சுற்றி, அதில் காய்ந்த என் லுங்கியோடு சேர்த்து இறுக்கினார்கள். கத்தி வீச்சு ஒன்று ஆளுக்குத் தப்பி, தண்ணீர்த் தொட்டியைப் பிளந்தது. தண்ணீரும் ரத்தமும் கலந்து, காயப்போட்டிருந்த வடகத்தின் மேல் ஓடின.

நான் நடுவில் நுழைந்து, "அண்ணா, பேசித் தீர்த்துக்கலாம்!" என்றேன். பிரிந்த நாளிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத மாமாவும் மச்சானும் இதில் ஒத்துப்போனார்கள். ஆளுக்கு ஒன்று எனக்குக் கொடுத்தார்கள். முன்பல் ஒன்று கழன்று நாக்கின்மேல் வந்து உட்கார்ந்தது.

கைப்பிடிச் சுவரோரம் தரையில் இரண்டு ஒயரும் அக்கம்பக்கமாக ஓடின. மெயின்ரோட்டுக்காரர் கத்தியை ஓங்கினார்.

"நீ அத்த அறு, நான் உன்த அறுக்கறேன்" என்றார் ஏரிக்கரைக்காரர்.

"அறுக்காதீங்க! கீழ ஃபைல் போயிட்டு இருக்கு!"

"எவன் லைன்ல போவுது? அத்த சொல்லு மொதல்ல" என்றார் மெயின்ரோட்டுக்காரர்.

எனக்கெப்படித் தெரியும்? யார் பேரைச் சொன்னாலும் மற்றவர் அதைத்தான் வெட்டுவார். "ஏய், எந்த ஒயரைப் போட்டிருக்க?" என்று கீழே பார்த்துக் கத்தினேன். ஹெட்போனுக்குள் அவள் எவனோ ஒரு அமெரிக்கனின் பித்தப்பையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேறு வழி தெரியாமல் இரண்டு ஒயர் மேலும் குப்புற விழுந்து கட்டிக்கொண்டேன். வீரம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம், நிற்கத் தெம்பில்லை. விலாவில் மிதி விழுந்தது. கணுக்காலைப் பிடித்து இழுத்தார்கள். மோவாய்த் தோல் சிமெண்டோடு வழித்துக்கொண்டு போனது. "எந்திரிடா பேமானி!" என்று மெயின்ரோட்டுக்காரர் என் முதுகின்மேல் ஏறி நின்று கத்தியை ஓங்கினார். தொட்டித் தண்ணீரில் ஊறிய என் முதுகு வழுக்கிவிட்டது. கத்தி ஒரு பக்கம் பறக்க, அவர் சுவரைத் தாண்டி, பக்கத்து மனையில் அடுக்கியிருந்த செங்கல்லின் மேல் போய் விழுந்தார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். முழங்கைக்குக் கீழே அவர் கை, போகக் கூடாத திசையில் திரும்பியிருந்தது. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"அய்யோ மாமா!"

ஏரிக்கரைக்காரர் கையிலிருந்த குழாயை எறிந்துவிட்டுப் படிகளில் பாய்ந்தார். அதுவரை அந்த மண்டையைப் பிளக்கப் பார்த்தவர், அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "அக்காக்கு நான் இன்னா பதில் சொல்வேன்" என்று கதறினார். என் லுங்கியைக் கிழித்து அந்தக் கையைக் கட்டினார்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்து தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

"இர்ரா மச்சான், ஒயர அறுத்துட்டுப் போய்டலாம்" என்று முனகினார் மாமா.

"மூடிக்கினு குந்து மாமா" என்றார் மச்சான்.

மற்ற ஆட்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு நொண்டிப் போனார்கள். கட்டிப்பிடித்திருந்த ஒயர்களைத் தடவிப் பார்த்தேன். ஒன்றில் லேசான கீறல், மற்றபடி இரண்டும் முழுசாக இருந்தன. பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, அவள் மேஜையின் மேல் குனிந்து, உலகத்தைக் காப்பாற்றியவனின் குரலில் கேட்டேன்.

"ஃபைல் போச்சா?"

அவள் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை விலக்கினாள்.

"போச்சு, அடுத்தது வந்தாச்சு, கீபோர்டுல ரத்தம் சொட்டாம தள்ளி நில்லுங்க."