நறநறவின் முன்பல்

முத்துச் சந்தையில் அடிதடி இல்லாத நாள் கடையடைப்பு நாள் மட்டும்தான். பளபளப்புக்காக அடித்துக்கொள்வார்கள், உருட்சிக்காக அடித்துக்கொள்வார்கள். தராசுத் தட்டால் மண்டையைப் பிளந்துகொண்ட இருவர் மறுநாள் அதே தராசில் ஒற்றுமையாக எடை போடுவார்கள். அந்தச் சந்தையின் மாடி அறையொன்றில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இது அசல், இது போலி, இது அசலாகப் பிறந்தும் உருப்படாமல் போனது என்று தீர்ப்புச் சொல்லி வந்தவருக்கு நறநற என்று பெயர். பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருந்தார்கள். அது ஓட்டுப் போடும் நாளில் மட்டும் பயன்பட்டது.

முத்தை முன்பல்லின் நுனியில் வைத்து மெல்ல உரசுவார். அசல் என்றால் பொடிமணல்போல நறநறக்கும். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ என்றால் வழுக்கிக்கொண்டு போகும். இந்த வேலைக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்தது மேல்வரிசையின் இடப்பக்க முன்பல். மற்ற பற்கள் தின்பதற்கு. அது மட்டும் சம்பாதிப்பதற்கு.

அவருடைய அப்பாவுக்கும் இதே தொழில். அதனால் பெல்ட் முதுகில் விழும், செருப்பு தோளில் விழும், வாயில் மட்டும் எதுவும் விழாது. "வாயை மூடிக்கிட்டு அடி வாங்குடா, பல்லு பத்திரம்" என்று அக்கறையோடு அடிப்பாராம். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பூச்சு முத்து விற்க வந்து மாட்டிக்கொண்ட ஒருவன் இவருடைய சுண்டுவிரலை ஒடித்தான். இன்னொருவன் முக்காலியை விட்டெறிந்து காதைக் கிழித்தான். இரண்டு தடவையும் நறநற இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, மிச்ச உடம்பை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்.

அவருக்கு எதிரே, அதே அறையில், மனைவி முத்துக் கோர்த்துக்கொண்டிருப்பாள். சந்தை அவளை ஊசி என்று கூப்பிட்டது. கையில் இருப்பதற்காக மட்டும் அல்ல. ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சுப் போட்டு, கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் நறநறவுக்கு உடம்பு கூசும்.

"கத்தரி எதுக்கு இருக்கு?"

"நான் என்ன உங்க பல்லாலயா கடிச்சேன்?"

ஊசியின் அண்ணன் பெயர் இடி. வாடகைக்கு இருப்பவர்களைக் காலி செய்துகொடுப்பது அவர் தொழில். கதவைத் தட்டும் வழக்கமில்லை. காலி செய்ய மறுத்த தையல்காரர் ஒருவர் இஸ்திரிப் பெட்டியால் கொடுத்த கொடுப்பில் இடியின் முன்வரிசை மொத்தமும் காலியாகி, அங்கே புதுக் குடித்தனம் வந்தது. வரிசை பிசகாத, வெள்ளை வெளேரென்ற பற்கள். அதன்பிறகு அவர் யாரையாவது மிதிக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டே மிதித்தார்.

இடியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் முத்துமாலைக்கு முத்துப் பொறுக்கும் வேலை நறநறவிடம் வந்தது. அவர் காலை வெளிச்சத்தில்தான் பார்த்தார். குழல்விளக்கின் கீழ் எல்லா முத்தும் மணப்பெண்தான். வெள்ளைத் துணியில் உருட்டிவிட்டார். கோணல் முத்துகள் குடிகாரன்போல ஓரத்துக்குப் போயின, அவற்றைத் தள்ளினார். மிஞ்சியவற்றில் தன் முகத்தைப் பார்த்தார். ஜன்னல் கம்பி கூர்மையாகத் தெரிந்தவை நின்றன, சுண்ணாம்பு பூசிய சுவர்போல மங்கியவை போயின. துளையின் விளிம்பில் பூச்சு உரிந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தார். கடைசியாகத்தான் பல்.

இவ்வளவையும் மச்சானுக்கு விளக்கியிருந்தால் வம்பில்லை. ஆனால் இடி, "இது அசல்னு நான் எப்படி மாப்ளே நம்புறது?" என்று கேட்டதும் நறநறவுக்குத் தொழில் கர்வம் தலைக்கேறிவிட்டது.

"என்னை நம்பாதீங்க மச்சான், பல்லை நம்புங்க. கண்ணு ஏமாத்தும், கடைக்காரன் ஏமாத்துவான், பல்லு ஏமாத்தாது. வீட்டுக்குப் போய் உரசுங்க. வழுக்கிச்சுன்னா வந்து என் வாயிலயே குத்துங்க."

இடி மாலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை, காவலாளி மாடிப்படியில் கீழே உருண்டு போகும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து மேலே வரும் கால்களின் சத்தம். பிறகு காவலாளியின் நாற்காலி கண்ணாடி அலமாரிக்குள் பாய்ந்தது.

"எங்கடா அந்தப் பல்லுக்காரன்?"

"மச்சான், என்ன ஆச்சு?"

"வழுக்குதுடா! ஒண்ணு விடாம உரசிட்டேன், அத்தனையும் வழுக்குது! என் பொண்ணு கழுத்துக்குப் பிளாஸ்டிக்கு மணியா? நீயெல்லாம் ஒரு மாமனா?"

"துளையைப் பாருங்க, போலின்னா விளிம்பு உரிஞ்சி..."

"துளையில என்னடா பார்க்கறது? நீதானே பல்லு ஏமாத்தாதுன்னே?"

முதல் குத்து வயிற்றில் இறங்கியது. இரண்டாவது விலாவில் எலும்பைத் தேடிப்பிடித்தது. நறநறவின் கைகள் வழக்கம்போல வாய்க்குப் போயின. தலை ஜன்னல் கட்டையில் மோதி நெற்றி பிளந்தது. ஊசி அண்ணனின் தோளில் தொங்கினாள். ஒரே உதறலில் மேசைக்கடியில் போய் விழுந்தாள். இதுவரை அடித்தவர்களெல்லாம் கிடைத்த இடத்தில் அடித்தவர்கள். இவர் ஒருவர்தான் விலாசத்தோடு வந்திருந்தார்; விலாசம் கொடுத்தவர் நறநறவேதான். இடி அவருடைய கைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முழங்காலால் அழுத்திக்கொண்டு, வாக்குக் கொடுத்த இடத்திலேயே குத்தினார்.

இடப்பக்க முன்பல் போனது. அக்கம்பக்கத்துப் பற்களும் கூடவே கிளம்பிவிட்டன. வெள்ளைத் துணியில் முத்துகளுக்கு நடுவே தன் பல் உருண்டு நிற்பதை நறநற பார்த்தார். லேசான மஞ்சள், உருட்சி போதாது, இரண்டாம் தரம் என்று மனது பழக்கதோஷத்தில் தீர்ப்புச் சொல்லியது.

"இப்ப உரசுடா! உரசிக் காட்டுடா!"

மாலையை அவருடைய வாயில் திணித்து இழுத்தார் இடி. ஈறும் ரத்தமும்தான் இருந்தன. முத்து ஒன்றும் சொல்லவில்லை. நறநற அழ ஆரம்பித்தார். வலிக்காக அல்ல. இனி எந்த முத்தைக் கேட்டாலும் பதில் வராது என்பது அப்போதுதான் உறைத்தது.

மேசைக்கடியிலிருந்து ஊசி எழுந்தாள். முக்காலியைத் தூக்கி, அண்ணனின் முட்டிக்குப் பின்னால் ஒரே போடு. இடி மண்டியிட்டார். இன்னொரு போடு போட்டாள். உட்கார்ந்தார். ரத்தம் சொட்டும் மாலையைத் தன் பல்லில் வைத்து அவர் காதருகே இழுத்தாள்.

"கேக்குதா?"

"நீ உன் புருஷனுக்குத்தான் பேசுவே."

"சரி. அப்பா மோதிரத்தைக் கழட்டு."

இடியின் விரலில் ஒற்றை முத்து மோதிரம் இருந்தது. அவர்களுடைய அப்பா மூச்சடக்கிக் கடலுக்குள் போய்த் தன் கையால் எடுத்து வந்த முத்து. அதன்மேல் சந்தேகப்பட்டவனை இடி உயிரோடு விட்டிருக்க மாட்டார்.

"உன் பல்லுலயே உரசு. ம், உரசு."

உரசினார். முகம் மாறியது. மறுபடி உரசினார்.

"என்ன, வழுக்குதா? அப்பாவும் போலியாண்ணே?"

இடி பதில் சொல்லத் திறந்த வாய்க்குள் அவள் இரண்டு விரலை விட்டாள். முன்வரிசை மொத்தமும் தகட்டோடு அவள் கையில் வந்துவிட்டது.

"இதுலயா உரசினே?"

"ஆமா..." காற்றுப் போன குரலில் சொன்னார் இடி. "புதுப் பல்லாச்சே, பழசைவிட நல்லா வேலை செய்யும்னு..."

"மணல் தெரியணும்னா பல்லுக்கு உசிர் வேணும்டா, தடியா!"

இடிக்கு வருத்தப்படவும் ஒரே வழிதான் தெரியும். மிச்சமிருந்த கண்ணாடிக் கதவில் தன் தலையைக் கொண்டுபோய் மோதினார். நெற்றி ஒழுக ஒழுகத் தவழ்ந்து வந்து, "மாப்ளே, பதிலுக்கு என் பல்லை ஒடிச்சுரு" என்றார்.

"எதை மச்சான் ஒடிக்கிறது?" என்றார் நறநற.

தன் பல் டாக்டரிடமே இடி அவரை அழைத்துப்போனார். டாக்டர் ஒவ்வொரு தடவை குறடை எடுக்கும்போதும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பின்னால் இடி நின்றிருந்தார். நறநறவுக்கு முதல்தரமான வரிசை அமைந்தது. உருட்சி, பளபளப்பு, ஒன்றுக்கொன்று பொருத்தம், எதிலும் குறை சொல்ல முடியாது. உலகத்து முத்தெல்லாம் அதில் வழுக்கிக்கொண்டு போயின. கடைவாய்ப் பல்லில் உரசிப் பார்த்தார். ஆனால் மணிக்கட்டுவரை வாய்க்குள் விட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்பவரை எந்த வியாபாரி மதிப்பான்?

இப்போது அந்த மாடி அறையில் கண் அவருடையது, பல் ஊசியுடையது. அவர் உருட்டிப் பார்த்து, முகம் பார்த்து, துளை பார்த்து நீட்டுவார். அவள் உரசிவிட்டு, "ம்" என்பாள் அல்லது தூர எறிவாள். காவலாளி வேலையை விட்டுவிட்டதால் வாசலில் இடி நிற்கிறார். தங்கச்சியின் முகத்துக்கு எதிரே கையை ஆட்டிப் பேசிய வியாபாரி ஒருவருக்கு அந்தக் கை இன்னும் மாவுக்கட்டோடுதான் இருக்கிறது.

மாலை கோர்த்து முடிந்ததும் ஊசி நூலை வாய்க்குக் கொண்டுபோவாள்.

"அம்மா தாயே, கத்தரி இருக்கே..." என்பார் நறநற.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே, நூலைப் பல்லிடுக்கில் கொடுத்து, வெடுக்கென்று கடிப்பாள். நறநற இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொள்வார்.