விசையால் விரியும் சிறு கத்தி

அப்பாவின் இடது கையில் பெருவிரல் மட்டும்தான் இருந்தது. மற்ற நான்கையும் நான் பிறப்பதற்கு முந்திய வருடம் தண்ணீர் இறைக்கும் மெசினின் பட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு அந்தக் கை அப்படியே பழக்கம். மற்றப் பிள்ளைகளின் அப்பாமாருக்கு இரண்டு கையிலும் விரல் இருந்ததுதான் எனக்குப் புதினமாக இருந்திருக்க வேண்டும்.

உரும்பிராயில் எங்களுக்குக் கொஞ்சம் வாழைத்தோட்டம் இருந்தது. அப்பா குலைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார். ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டுவார், மண்வெட்டி பிடிப்பார், சாரத்தை இறுக்கிச் செருகுவார். அவரோடு ஒத்துப்போகாத ஒரே சாமான் வில்லுக்கத்தி. மடக்கி மடியில் வைத்துக்கொள்ளும் அந்தக் கத்தியை விரிப்பதற்கு இரண்டு கை வேண்டும். அப்பா பிடியை வலது கையில் பிடித்துக்கொண்டு அலகைப் பல்லால் கடித்து இழுப்பார். ஒருநாள் அது வழுக்கி உதட்டைக் கிழித்துவிட்டது. அம்மா கத்தியைப் பிடுங்கி எங்கேயோ ஒளித்து வைத்தார். விரித்த கத்தியைக் கொண்டுபோகவும் வழியில்லை. சந்தியில் சென்றி இருந்தது. மண்மூட்டை அடுக்கி, முட்கம்பி போட்டு, ஆமிக்காரர் போகிற வருகிறவர்களைச் சோதிப்பார்கள். எந்த ஆமி என்பது இப்போது எதற்கு? எங்கள் சந்தியில் எல்லோரும் மாறிமாறி நின்றிருக்கிறார்கள். அதனால் அப்பா சந்தையில் ஒரு சீப்பு வெட்டிக் கொடுப்பதற்கும் பக்கத்து வியாபாரியின் கை ஓயும்வரை காத்து நின்றார்.

அந்த வருடம்தான் கப்பலில் வேலை செய்த மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. எல்லோருக்கும் குளிக்க வாசனைச் சவர்க்காரம், எனக்கு ஒரு பெட்டி கலர் பென்சில். கடைசியாகக் காற்சட்டைப் பொக்கற்றிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து அப்பாவின் வலது கையில் வைத்தார்.

"அத்தான், அந்தப் பட்டனை அமத்துங்கோ."

அப்பா அமத்தினார். 'டக்' என்று அலகு வெளியே பாய்ந்து நின்றது. அப்பா பயந்துபோய்க் கத்தியைக் கீழே போட்டுவிட்டார். பிறகு எடுத்து மடக்கி மறுபடி அமத்தினார். தொடையில் வைத்து அழுத்தினால் மடக்குவதற்கும் ஒரு கை போதும். அன்று மாலை முழுக்க எங்கள் வீட்டில் அந்தச் சத்தம்தான். என்னுடைய பன்னிரண்டு பென்சிலையும், சீவிய பென்சில் உட்பட, அப்பா வாங்கிச் சீவித் தந்தார்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "உதேன்ரா கொண்டந்தனீ? உது சண்டியர் வைச்சிருக்கிற சாமான். உவரைப் பிடிச்சுக்கொண்டு போனால் ஆர் பதில் சொல்லுறது?"

"சில துறைமுகத்திலை கண்ணாடிப் பெட்டியிலை வைச்சு விக்கிறாங்கள் அக்கா. அடுத்த துறைமுகத்திலை சட்டைப் பையிலை கண்டாலே பொலிஸ் பிடிக்கும். இஞ்சை எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது" என்றார் மாமா. அடுத்த கிழமை அவர் கப்பலுக்குத் திரும்பிவிட்டார்.

இங்கே எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அப்பா நினைத்தார். அப்படி நினைக்கக்கூடிய கடைசி மனிதர்களில் ஒருவராக அவர் இருந்திருப்பார். கோர்ட்டுக்கே பூட்டுப் போட்டிருந்த காலம் அது. உடுவிலில் வயதான பிரக்கிராசியார் ஒருவர் இருந்தார். வழக்குப் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டாலும் சட்டப் புத்தகங்களை விடவில்லை. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் இரண்டு தடித்த புத்தகங்களைப் புரட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் புரட்டினார்.

"அலகின்ரை நீளத்தைப் பற்றிக் கதை இருக்கு. விசையைப் பற்றித் தெளிவாய் ஒண்டும் காணேல்லை. ஆனால் தம்பி, இப்ப இந்தப் புத்தகத்துக்கு மேலை வேறை சட்டங்கள் இருக்கு. அதுகளுக்கும் மேலை சென்றியிலை நிக்கிறவன் இருக்கிறான். எதுக்கும் விதானையாரிட்டை ஒரு கடிதம் எடுத்து வையும்."

விதானையார் எங்கள் கிராமத்தின் அரசாங்க அலுவலர். சைக்கிள் கொண்டுபோக, வைக்கோல் கொண்டுபோக, செத்த வீட்டுக்குப் போக என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் கடிதம் கொடுத்துக் களைத்துப் போயிருந்தார். கத்திக்குக் கடிதம் என்றதும் பேனையை மேசையில் வைத்துவிட்டார். பட்டன் கத்தி என்று எழுதினால் சண்டியன் என்று நினைப்பார்கள், வெறும் கத்தி என்று எழுதினால் பொய் என்பார்கள். நெடுநேரம் யோசித்து இப்படி எழுதினார்: 'இவர் இடது கை இயலாதவர். இவரிடமுள்ள, விசையால் விரியும் சிறு கத்தி விவசாயத் தேவைக்கானது.' கீழே அதையே இங்கிலிசிலும் எழுதி முத்திரை குத்தினார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. 'விசையால் விரியும் சிறு கத்தி' என்பது ஏதோ பூவைப் பற்றிச் சொன்னது போல எனக்குப் பிடித்துப் போயிற்று. அம்மா கடிதத்தைப் பொலித்தீன் பையில் போட்டு அப்பாவின் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு மாதமாக அதை ஒருவரும் கேட்கவில்லை. சென்றியில் நின்றவர்கள் அப்பாவின் கையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகச் சொல்வார்கள். கத்தி மடியில் பத்திரமாக இருந்தது. சந்தையில் அப்பா யாருக்கும் காத்திராமல் சீப்பு வெட்டினார். வீட்டில் பப்பாப்பழத்தைக்கூட அம்மாவிடம் கொடுக்காமல் தானே சீவித் தின்றார்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் என்னையும் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனார். சென்றியில் புதிய ஆட்கள் நின்றார்கள். மீசை சரியாக முளைக்காத ஒருவன் அப்பாவின் கையைப் பார்த்தான், வாழைக்குலையைப் பார்த்தான், போகலாம் என்று தலையை ஆட்டினான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, உடைந்த தமிழில் கேட்டான்.

"பாப்பா எங்க போறது?"

பெரிய ஆட்கள் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் திரும்பி அப்பாவின் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை இழுத்து எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"எங்களிட்டைக் கடிதம் இருக்கு."

என் உச்சந்தலையில் பட்டுக்கொண்டிருந்த அப்பாவின் மூச்சு சட்டென்று நின்றது.

அவன் இங்கிலிஸ் தெரிந்த இன்னொருவனைக் கூப்பிட்டான். அவன் வாசித்துவிட்டு அப்பாவிடம் கையை நீட்டினான். அப்பா மடியிலிருந்து கத்தியை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். மீசை முளைக்காத அந்தச் சின்னவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது விரல் பட்டனில் பட்டுவிட்டது. டக். அவன் துள்ளிப் பின்னால் போனான். மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்களின் துவக்குகள் எங்கள் பக்கம் நிமிர்ந்தன.

"ஐயா, பிள்ளை! பிள்ளை!" என்று அப்பா கத்தினார். வலது கையால் என் முகத்தை மூடிக்கொண்டார். சைக்கிள் குலைகளோடு சாய்ந்து விழுந்தது.

பிறகு எங்களை வெயிலில் இருத்தினார்கள். அவர்களுடைய பெரியவர் வரவேண்டுமாம். உச்சிப் பொழுதும் கடந்தது. சின்னவன் கத்தியை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தான். அவனுக்கும் அந்தச் சத்தம் பிடித்துப்போனது தெரிந்தது. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். அப்பா என்னை ஏசவில்லை.

பெரியவர் வந்தார். தூக்கமில்லாத கண்கள். கழுத்தில் ஒரு துவாய். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அப்பாவின் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தன்னுடைய பையிலிருந்து ஒரு சாதாரண வில்லுக்கத்தியை எடுத்து அப்பாவிடம் கொடுத்து ஏதோ சொன்னார். இங்கிலிஸ்காரன் சைகை காட்டினான். விரி.

அப்பா என்னைப் பார்த்தார். "பிள்ளை, அங்காலை பார்" என்றார்.

நான் திரும்பினேன். ஆனாலும் கடைக்கண்ணால் பார்த்தேன். அப்பா கத்தியை வாய்க்குக் கொண்டுபோய், அலகைப் பல்லால் கடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்தார். முதல்முறை வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. சின்னவன் சிரிக்கத் தொடங்கினான். பெரியவர் அவனைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். விரித்த கத்தியை அப்பா சட்டையில் துடைத்து, பிடிப்பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார்.

பெரியவர் அதை மடக்கித் தன் பையில் போட்டார். பிறகு சொன்னதை இங்கிலிஸ்காரன் தமிழில் சொன்னான்.

"கடிதம் சரி. கத்தி கூடாது."

கடிதத்தைப் பொலித்தீன் பையில் போட்டு ஒழுங்காகத் திருப்பித் தந்தார்கள்.

சந்தை முடிந்திருந்தது. வெயிலில் வதங்கிய குலைகளோடு வீட்டுக்குத் திரும்பினோம். வழியில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பல்லாலை திறந்ததை அம்மாவுக்குச் சொல்லாதை."

அம்மாவின் ஏச்சுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துச் சரி என்றேன். கடிதத்தை யார் எடுத்துக் கொடுத்தது என்று அம்மா கேட்டபோது, "கேட்டாங்கள், குடுத்தனான்" என்றார் அப்பா. அம்மா அவரை ஒரு கிழமைக்கு மேல் ஏசினார். கடிதத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்பதை அப்பா மறந்துவிட்டார், நான் தப்பிவிட்டேன் என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

அடுத்த மாதம் கறுத்தக்கொழும்பான் மாங்காய் பழுக்கத் தொடங்கியது. அம்மா தோல் சீவி, துண்டு துண்டாக வெட்டி, வழக்கம்போல அப்பாவுக்கு ஒரு கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். வருடக்கணக்காக அம்மா வெட்டிக் கொடுத்ததைச் சாப்பிட்டு வந்தவர்தான். அன்றைக்குக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"எனக்கு இப்ப மாம்பழம் அவ்வளவு விருப்பமில்லை."

"ஏன், நல்லாத்தானே பழுத்திருக்கு?" என்றார் அம்மா.

அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போனார். அந்த வருடம் முழுக்க அப்படித்தான். அதற்குப் பிறகு வந்த வருடங்களிலும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "எங்கடை அப்பாவுக்கு மாம்பழம் பிடிக்காது" என்று நான் பெருமையாகச் சொல்வேன். அவருடைய கோப்பையையும் என் பக்கம் இழுத்து, கடைசித் துண்டுவரை தின்று முடிப்பேன்.