அடி மேடம்

சம்மட்டியைத் தோளுக்கு மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் அந்த அம்மாள். இரும்புக் கடைக்காரர் கல்லாவை விட்டுச் சற்றுப் பின்னால் நகர்ந்துகொள்கிறார்.

"எதிர்ல ஒருத்தன் கத்தியோட ஓடி வர்றான்னு வைங்க. இத நான் இறக்குறதுக்குள்ள அவன் என்னை எத்தன தடவ குத்துவான்?"

கடைக்காரருக்கு இது பழகிவிட்டது. "வாங்கலன்னா கீழ வச்சிருங்கம்மா. கால்ல போட்டுக்காதீங்க."

வாங்க மாட்டார். வாங்கியதே இல்லை. சம்மட்டியைப் பதமாக இறக்கி வைத்துவிட்டு, கடப்பாரையின் பக்கம் நகர்கிறார்.

ஒரு பதிப்பகத்தில் மேசை விளையாட்டுகளுக்கு விதி எழுதுவது அவர் வேலை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் போர்வீரன், ஒருவர் திருடன், ஒருவர் மருத்துவச்சி என்று வேடம் ஏற்று, காட்டையும் கோட்டையையும் வாயாலேயே கட்டி, சண்டை மூண்டால் பகடை உருட்டித் தீர்த்துக்கொள்வார்களே, அந்த விளையாட்டு. பூதத்தின் மண்டையில் கோடாலி இறங்கினால் எவ்வளவு சேதம், ஈட்டி பாய்ந்தால் எவ்வளவு என்று தீர்மானிப்பவர் இவர்தான். அதனால் அலுவலகத்தில் 'அடி மேடம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆளோ, மாடிப்படியில் யார் மேலாவது தோள் உரசிவிட்டால் கீழ்த்தளம் வரைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருகிற ரகம்.

விதிப் புத்தகத்துக்கு ஆயுதங்களை வரைய வந்த ஓவியர் இதை வாய்ப்பாட்டு வேலை என்றுதான் முதலில் நினைத்தார். பெரிய ஆயுதம் என்றால் பெரிய எண். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

படங்களைக் காட்ட அடி மேடத்தின் வீட்டுக்குப் போனபோது, சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கமும் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியார் தொலைபேசி ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கு அவர் ராட்சசன்.

"இந்தா வாங்கிக்கோ!" பகடையை வீசினார்.

"அத்தை, இப்பதான கோடாலிய வீசுனீங்க. மறுபடி ஓங்குறதுக்குள்ள மூச்சு வாங்க வேண்டாமா?"

"ராட்சசனுக்கு என்னடி மூச்சு? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உன்னை அடிக்கக் காத்துக்கிட்டிருக்கேன். நடுவுல பேசாத."

சிரித்துக்கொண்டே ஓவியர் தன் கோடாலிப் படத்தை நீட்டினார். இரண்டு பக்கமும் விரிந்த அலகு, ஆள் உயரக் காம்பு. அடி மேடம் அதை வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்குண்ணே. ஆனா இதத் தூக்கிச் சண்டை போட்டவன் மறுநாள் சட்டை மாட்ட முடியாது. இங்க புடிச்சிக்கும்." ஓவியரின் தோள்பட்டைக்குப் பின்னால் ஓர் இடத்தை விரலால் தொடாமல் காட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஓவியருக்கு அந்த இடத்தில் வலித்தது. இல்லாத கோடாலி, தூக்காத தோள், வலி மட்டும் நிஜம். அன்றிலிருந்து எந்த ஆயுதத்தை வரைவதற்கு முன்னும் அதன் எடையைக் கையில் உணராமல் அவரால் கோடு போட முடியவில்லை.

அடி மேடத்தின் மனசு முழுக்க ஒரே ஒரு விதியின் மேல் இருந்தது. பலத்த அடி விழுந்தால் புள்ளியைக் கழித்தால் மட்டும் போதாது. அடி வாங்கியவர் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்: எங்கே பட்டது, இனி என்ன முடியாது. அடித்தவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்.

பதிப்பக முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "மேடம், ஜனங்க சண்டை போட வர்றாங்க. துக்கம் விசாரிக்க வரல. அச்சுக்குப் போறதுக்குள்ள அந்தப் பக்கத்த எடுத்துருங்க."

அவர் வாதாடவில்லை. "ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டு எடுத்துரலாம் சார்" என்றார்.

ஞாயிறு மதியம் அதே சாப்பாட்டு மேசை. ஓவியரும் வந்திருந்தார். முதலாளி எதிர்பார்த்தபடியே கோடாலியை எடுத்துக்கொண்டார். அவருடைய வீரன் ஆற்றைக் கடக்க வேண்டும். மாமியார் படகுக்காரன், படகைத் தர மறுத்துத் துடுப்பை ஓங்கினார். முதலாளி பகடையை உருட்டினார். இருப்பதிலேயே பெரிய எண் விழுந்தது.

"தொலைஞ்சான்!" நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"அத்தை, சொல்லுங்க" என்றார் அடி மேடம்.

அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மாமியார் தன் வலது கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மணிக்கட்டுல பட்டிருக்கு. விரல் மடங்கல. இனிமே துடுப்பு புடிக்க முடியாது." குரல் தணிந்தது. "அக்கரையில எம்பொண்ணு நிக்கிறா. இருட்டறதுக்குள்ள கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்."

முதலாளி எதையோ சொல்ல வாயெடுத்தார். பேசக் கூடாது என்பது விதி. மூடிக்கொண்டார். ஓவியர் தன்னுடைய வலது கை தானாகவே மேசைக்கு அடியில் போய் ஒளிந்திருப்பதை அப்போதுதான் கவனித்தார்.

"உங்க முறை சார்."

இன்னொரு அடி போதும், படகு கைக்கு வந்துவிடும். முதலாளி பகடையைக் கைக்குள் வைத்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தார்.

"இவன விட்டுட்டு... வேற வழியாப் போக விதி இருக்கா?"

"அதுக்கு விதி எதுக்கு சார்? உருட்டாம இருந்தா போதும்."

குலுக்கல் நின்றது. "புத்தகத்துல அந்தப் பக்கம் இருக்கட்டும்" என்றார் முதலாளி, யாருடைய முகத்தையும் பார்க்காமல். ஆனாலும் மூடிய கை மேசைக்கு மேலே அப்படியே நின்றது. எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

அடி மேடம் எழுந்து சாய்ந்து, அந்தக் கைக்குக் கீழே தன் உள்ளங்கையை ஏந்தினார். பகடை விழுந்தது. என்ன எண் என்று பார்க்காமலே விரல்களை மூடிக்கொண்டார்.