எண்ணெய்க்காரன் மறுபடியும் வருகிறான்

குற்றாலிங்கம் எண்ணெய் தேய்க்கும் பலகைக்கு நேர் எதிரே, டீக்கடைச் சுவரில்தான் அந்த நோட்டீசை ஒட்டியிருந்தார்கள். குற்றாலத்தில் சுவருக்கா பஞ்சம்? பேரருவிக்குப் போகிற பாதை நெடுகச் சுவர்தான். ஆனாலும் ஒட்டினவனுக்கு இந்தச் சுவர்தான் கண்ணில் பட்டிருக்கிறது. மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. பசை இன்னும் காயவில்லை.

குற்றாலிங்கத்துக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். டீக்கடை அகமது கபீர் செங்கோட்டையிலிருந்து வந்து கடை போட்டு இரண்டு சீசன்தான் ஆகிறது. பழைய கதை ஒன்றும் அவனுக்குத் தெரியாது. பாய்லரைத் துடைத்துக்கொண்டே சத்தம் போட்டு வாசித்தான்.

"பத்து வருசத்துக்குப் பொறவு மறுபடியும்! கணபதிசுப்பிரமணியன் எழுதி நடத்தும் தொடர் மர்ம நாடகம். தென்காசியில அஞ்சு சனிக்கிழம, அஞ்சு பாகம். என்னென்ன எதிர்பார்க்கலாம்னு வரிசையாப் போட்டுருக்கான் பாருங்க அண்ணாச்சி. மூணு கொலை. மேடையிலேயே தண்ணி கொட்டுற அருவி. மதுரையிலேருந்து கலர் லைட்டு. அப்பொறம், எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்த எண்ணெய்க்காரன் மறுபடியும் வருகிறான்!"

வாசித்து முடித்துவிட்டு, "யாரு அண்ணாச்சி அந்த எண்ணெய்க்காரன்?" என்று கேட்டான்.

"நான்தான் தம்பி" என்றார் குற்றாலிங்கம்.

கபீர் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணாச்சிக்குக் குசும்பு ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டான்.

குசும்பு இல்லை. அது அவரேதான். சொன்னால் குமட்டுகிற கதை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நோட்டீஸ் ஒட்டினது 1985, ஆனி மாதம். குற்றாலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வயதிலேயே பலகை போட்டவர். சீசனுக்கு வருகிறவர்கள் முதலில் பலகையில் உட்கார்ந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் ஊறவிட்டு, அதன் பிறகுதான் அருவிக்குள் தலையைக் கொடுப்பார்கள். முதுகு பிடித்துக்கொண்டவன், மூட்டு வலிக்காரன், மாமியாரோடு சண்டை போட்டுத் தூக்கம் கெட்டவன், எல்லாருக்கும் அவர் கை ஒரு மருந்து. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். தலையில் சிவப்புத் துண்டு. ஆளைப் படுக்க வைத்ததும், தோளில் ஒரு தட்டுத் தட்டி, "அசையாம இருங்க ஐயா, எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுவார். அந்த வார்த்தையிலேயே பாதி வலி போய்விடும் என்று சொன்னவர்கள் உண்டு.

1973 ஆடியில் மதுரைப் பக்கத்து மில்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் கனத்த தங்கச் சங்கிலி. "கழட்டிருங்க ஐயா, எண்ணெய் பட்டா கொக்கி நழுவும்" என்றார் குற்றாலிங்கம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைக் கழற்றியதே இல்லை என்று மில்காரர் பெருமையாகச் சொன்னார். அவருடைய பெருமை பேரருவிக்குத் தெரியுமா? எண்ணெய்க் கழுத்தில் தண்ணீர் ஓங்கி அடித்தது. மனிதர் வெளியே வரும்போது கழுத்து வெறுமையாக இருந்தது. தண்ணீரைப் பிடித்து விசாரிக்க முடியாது. கடைசியாகக் கழுத்தைத் தொட்டவன் யார் என்று தேடினார்கள். குற்றாலிங்கத்தைப் போலீஸ் கூப்பிட்டு இரண்டு நாள் விசாரித்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பியது.

அடுத்த பங்குனியில் அருவி நூலாக இறங்கியது. அந்த நாளில் கீழே மணலைச் சலித்து, சீசன்காரர்கள் தவறவிட்ட தோடு, மோதிரம் என்று பொறுக்குகிறவர்கள் உண்டு. அவர்களில் சுடலைக்கண்ணு என்பவனின் சல்லடையில் அந்தச் சங்கிலி வந்து விழுந்தது. கொக்கியில் மில்காரர் பேரின் முதலெழுத்து அப்படியே இருந்தது. அவன் யோக்கியன், போலீசில் கொண்டுபோய் ஒப்படைத்தான். சங்கிலி மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு கார்டு கூட வரவில்லை. சங்கிலி போனதைத் தமுக்கடித்த ஊர், கிடைத்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனாலும் குற்றாலிங்கம் தலை நிமிர்ந்து நடந்தார், அதைப் பார்க்க வேண்டும்.

அந்த நிமிர்விலேதான் அவர் தப்புப் பண்ணினார். பலகையில் படுத்திருந்த ஒரு ஆளிடம் மனதைத் திறந்தார்.

கணபதிசுப்பிரமணியனுக்குத் தென்காசியில் சர்க்கார் உத்தியோகம், சாயங்காலமானால் நாடகம். அவர் பேரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு டவுன் பஸ் வந்து போய்விடும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்க்க வருவார். குப்புறப் படுத்திருக்கிற ஆளின் முகம் தேய்க்கிறவனுக்குத் தெரியாது. முகம் தெரியாத இடத்தில் பேச்சு தாராளமாக வரும். குற்றாலிங்கம் மில்காரரிலிருந்து சல்லடை வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார். "அடப் பாவமே, அடப் பாவமே" என்று பலகைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அந்த நேரத்தில் அந்த முகத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று அவர் குனிந்து பார்க்கவில்லை.

இரண்டே மாதத்தில் நாடகம் வந்தது. நம்ம சார் நாடகம் என்று பெண்சாதி இராமலட்சுமியைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். திரை விலகியது. இடது தோளை இறக்கிக்கொண்டு, தலையில் சிவப்புத் துண்டோடு ஒருவன் வந்தான். மில் முதலாளி ஒருவரைப் பலகையில் படுக்க வைத்தான். "அசையாம இருங்க ஐயா, எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன்" என்றான். அப்படியே கழுத்தை நெரித்துக் கொன்று, சங்கிலியை உருவிப் பித்தளை எண்ணெய்க் கிண்ணத்தின் கள்ள அடித்தட்டில் ஒளித்தான். கொட்டகை விசிலில் கிழிந்தது. சல்லடை வரவில்லை, சுடலைக்கண்ணு வரவில்லை. இராமலட்சுமி அவர் மணிக்கட்டைப் பிடித்த பிடி வீடு வரும்வரை விடவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இரண்டு சீசன் அந்தத் தொடர் நடந்தது. வருகிறவனெல்லாம் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டு என்றான். கவிழ்த்துக் காட்டினால் கெக்கலித்துச் சிரித்தான். சிரிக்கிறவனாவது பரவாயில்லை, சிரிக்காமல் பக்கத்துப் பலகைக்குப் போனவர்கள்தான் அதிகம். ரேஷன் கடை வரிசையில் இராமலட்சுமி நின்றால், முன்னால் நிற்கிறவள் தாலிக்கொடியைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டாள். குற்றாலிங்கம் பித்தளைக் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கண்ணாடிப் பாட்டில் வாங்கினார். உள்ளே எண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை என்று பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும். அதற்கும் ஒருவன், எண்ணெய்க்காரன் உஷாராகிவிட்டான் என்றான்.

கணபதிசுப்பிரமணியனுக்கு வடக்கே எங்கோ மாற்றலாயிற்று, நாடகம் நின்றது. பேர் நிற்கவில்லை. கடைசியில் பலகையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, இலஞ்சியில் ஒரு தோப்பில் தேங்காய் உரிக்கப் போனார் குற்றாலிங்கம். மனித உடம்பில் எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரிந்த கை எட்டு வருஷம் மட்டை உரித்தது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

83இல்தான் திரும்பி வந்தார். புது ஆட்கள், புதுக் கடைகள். கதை தெரிந்தவர்கள் குறைந்திருந்தார்கள். அவரும் ஒரு கண்டிப்பான வழக்கம் வைத்துக்கொண்டார். வருகிறவர் நகை அத்தனையையும் கழற்றித் தன் ஆட்களிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதுவரை பாட்டில் மூடியைத் திறக்க மாட்டார். யார் நீட்டினாலும் தங்கத்தைக் கையால் தொட மாட்டார். இரண்டு வருஷமாகச் சோறும் பேரும் ஒருவழியாக ஒட்டிக்கொண்டு வரும்போதுதான் இந்த மஞ்சள் நோட்டீஸ்.

இராமலட்சுமியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "மறுபடியும் தேங்கா உரிக்கவா?" என்றாள். பிறகு, "போயி நேராக் கேளுங்க. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்றாள்.

மறுநாள் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தென்காசிக்குப் பஸ் ஏறினார். கணபதிசுப்பிரமணியன் ரிட்டயராகித் தொந்தியும் வழுக்கையுமாக இருந்தார். வீட்டுக் கூடத்திலேயே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

"வாரும்வே குற்றாலிங்கம்! நோட்டீசு பாத்தீரா? ஊரே உம்மத்தான் கேக்கு!"

"அதுக்குத்தான் சார் வந்தேன். அந்த எண்ணெய்க்காரன எடுத்துருங்க."

"அவன எடுத்துட்டா யாரு வருவா? இத்தன வருசம் கழிச்சு எதுக்கு ஆரம்பிக்கேன்? பாக்குறவனெல்லாம் எண்ணெய்க்காரன் எப்பம்னுதான கேக்கான்."

"சரி, எடுக்க வேண்டாம். சங்கிலி அருவியிலதான் விழுந்துது, மணல் சலிக்கும்போது கெடச்சுதுன்னு கடைசியில ஒரே ஒரு வரி சேத்துருங்க சார். உங்களுக்குத் தெரியும்லா. நான்தான சொன்னேன்."

கணபதிசுப்பிரமணியன் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "அருவியில விழுந்தா அப்பொறம் களவு எங்க இருக்கு? களவு இல்லன்னா மர்மம் எங்க இருக்கு? இது கற்பனைன்னு மொதல்லயே மைக்குல சொல்லிருதோம்லா. நாடகத்தப் பாத்துட்டு உம்மத் திருடன்னு எவன்வே நம்புவான்?"

அதற்குள் எண்ணெய்க்காரன் வேஷம் கட்டுகிற காந்திமதிநாதன் பக்கத்தில் வந்து நின்றான். கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா, பார்க்கப் பவ்யமான ஆள். "அண்ணாச்சி, அந்தத் தோளத் தட்டுறது மட்டும் எனக்கு வரமாட்டேங்கு. ஒரு தடவ தட்டிக் காட்டுங்களேன்" என்று முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். கூடத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த முதுகைப் பார்க்க குற்றாலிங்கத்துக்குச் சீ என்றிருந்தது. தன்னையே உரித்து, தோலை உதறிப் பார்த்து, இன்னும் ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் பிய்த்துக் கொடு என்று கேட்கிற கூட்டம். வாயில் எச்சில் ஊறியது. துப்ப இடமில்லாமல் விழுங்கிக்கொண்டார்.

கணபதிசுப்பிரமணியன் முன்வரிசைக்கு இரண்டு பாஸை அவர் சட்டைப் பையில் செருகினார். "கோவிச்சுக்கிடாதேயும். மொத நாடகத்தன்னைக்கு உம்ம கையால எண்ணெய் தேச்சுக் குளிக்காம நான் மேடை ஏறுனதில்ல. சனிக்கிழம காலம்பற வாரேன். நீரு சொன்ன வரியப் பத்தி யோசிக்கேன். அங்கன வச்சுப் பேசிக்கிடுவோம்" என்றார்.

யோசிக்கேன் என்கிற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் ஓட்டினார் குற்றாலிங்கம். மனிதன் எவ்வளவு அசடு பாருங்கள்.

சனிக்கிழமை காலை. சாரல் பூப்போலத் தூவிக்கொண்டிருந்தது. பேரருவி இரைச்சல் பாதையெல்லாம் கேட்டது. கணபதிசுப்பிரமணியன் தனியாகத்தான் வந்தார். கபீர் கடையில் முதல் தடவையாக ஒரு டீ குடித்தார். வேட்டியை அவிழ்த்து மடித்துப் பலகை ஓரம் வைத்துவிட்டு, துண்டோடு உட்கார்ந்தார்.

"குற்றாலிங்கம், ராத்திரி பூரா யோசிச்சேன்வே. அந்த வரியக் கடைசிப் பாகத்துல எப்படியாவது சேத்துருதேன். போதுமா?"

குற்றாலிங்கத்துக்குப் பதினோரு வருஷக் கசப்பு ஒரு நொடியில் இறங்கிய மாதிரி இருந்தது. மனிதரின் கழுத்தில் மெல்லிய தங்கச் சங்கிலி கிடந்தது. தன் ஆட்களிடம் கொடுத்துவிட்டு வரச்சொல்ல, கூட ஆள் இல்லை. இத்தனை காலமாகத் தங்கத்துக்கு நீட்டாத கையை, உண்மை தெரிந்த ஒரே படித்த மனிதர் இவர் என்று நம்பி, குற்றாலிங்கம் நீட்டினார். தன் தோள்துண்டை அந்தக் கையில் விரித்துப் பிடித்தார்.

"சங்கிலியக் கழட்டி இதுல போடுங்க சார். நான் முடிஞ்சு வச்சிருக்கேன்."

கணபதிசுப்பிரமணியன் கை கழுத்துக்குப் போனது. கொக்கியைக் கழற்றினார். விரித்த துண்டைப் பார்த்தார். அந்த முகத்தை இந்த முறை குற்றாலிங்கம் நன்றாகப் பார்த்தார். மனிதர் சங்கிலியைப் பொத்திக்கொண்டு எழுந்து, ஈரத்தில் வழுக்க வழுக்க நடந்து, எதிர்க் கடைக்குப் போனார்.

"பாய், குளிச்சுட்டு வார வரைக்கும் இதக் கல்லாவுல வச்சிரும்."

பத்து நிமிஷத்துக்கு முன்னால் முதல் தடவையாகப் பார்த்த டீக்கடைக்காரன். அவன் பேர் என்னவென்றுகூட அவருக்குத் தெரியாது.

திரும்பி வந்து பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டார். "ஆரம்பியும்வே. நல்லா அமுக்கித் தேயும்."

குற்றாலிங்கம் விரித்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எதிர்ச் சுவரில் மஞ்சள் நோட்டீசு சாரலில் ஊறிப்போயிருந்தும் எழுத்து அழியவில்லை. பாட்டில் மூடியைத் திருகி இறுக்கினார். சத்தம் கேட்டுக் கணபதிசுப்பிரமணியன் தலையைத் தூக்கினார்.

"என்னவே?"

"எவன் நம்புவான்னு கேட்டீங்கள்லா சார்? எழுதுன நீங்களே நம்பிட்டீங்க."

"அட, அது ஒண்ணுமில்லவே, சும்மா ஒரு ஜாக்கிரதைக்குத்தான்... வந்து தேயும்வே, நேரமாச்சு."

"எண்ணெய் தீந்துபோச்சு" என்றார் குற்றாலிங்கம்.

அவர் கையிலிருந்த கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை எண்ணெய் இருந்தது. அதைக் கணபதிசுப்பிரமணியனும் பார்த்தார்.