பிள்ளையாரை இரண்டாம் வரியில் இருத்திய ஞாயிறு

வெப்சைட் செய்கிற ஒரு சின்னக் கொம்பனியில் என் மனைவிக்கு வேலை கிடைத்தபோது அவளுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அதுவரை சுவிஸில், எம்மன்புரூக்கே என்ற ஊரில், பின்னேரங்களில் அலுவலகங்களைத் துடைக்கிற வேலை. அந்த வேலையோடு வேலையாகத்தான் கணினி படித்தாள். கொம்பனி வேலை கிடைத்த பிறகும் துடைக்கிற வேலையை அவள் விடவில்லை. முதல் மூன்று மாதம் புரோபேட்சைட், ஆளை வைத்துப் பார்க்கிற காலம்.

"பிடிக்கேல்லை எண்டு அனுப்பிவிட்டால்? அதுவும் இல்லை, இதுவும் இல்லை எண்டு நிக்கேலாது" என்பாள்.

இரவு அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது எனக்கு மனம் பொறுக்காது. நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் மரக்கறி வெட்டுகிறவன். கணினி விஷயத்தில் நான் செய்யக்கூடியது கும்பிடுவது ஒன்றுதான். அதைக் குறைவில்லாமல் செய்தேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் அவளுடைய ஷெஃப், அதாவது முதலாளி, ஒரு வேலை கொடுத்தார். அங்கே புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவருடைய கணினியை வேலைக்கு ஆயத்தமாக்கவே இரண்டு நாள் போய்விடுமாம். அதை ஏற்று, இதைப் பூட்டு, அந்தக் கடவுச்சொல்லைக் கொடு என்று இழுபடுமாம். இதெல்லாவற்றையும் கணினி தானாகவே ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, கடைசியில் வெப்சைட்டைப் பரீட்சார்த்த சேர்வரிலும் ஏற்றிவிடுகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதவேண்டும். கணினிக்கு எழுதி வைக்கிற சமையல் குறிப்பு என்று நான் விளங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை ஒரு புது ஆள் வருகிறார். அவருடைய கணினியில் அது ஓடினால் இவளுக்கு வேலை நிலைக்கும். ஓடாவிட்டால் என்ன என்று இரண்டு பேருமே கதைக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் கோயிலால் வந்து சாப்பிட்ட கையோடு கூப்பிட்டாள். வீட்டில் கிடந்த பழைய லப்டொப்பைத் துப்புரவாக அழித்து, வாங்கிய அன்று இருந்த மாதிரி ஆக்கி வைத்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, இதிலை வந்து இருங்கோ. ஒண்டும் தெரியாத ஆள் ஒண்டு வேணும்."

"அதுக்கு இந்த வீட்டிலை என்னை விட்டால் வேறை ஆள் இல்லைத்தான்."

திருநீற்றை எடுத்து லப்டொப்புக்குப் பூசப் போனேன். "ஐயோ, உள்ளுக்குக் கொட்டுப்பட்டால் அதுக்கு மூச்சடைக்கும்! உங்கடை நெத்தியிலை பூசுங்கோ" என்று கையைத் தட்டிவிட்டாள்.

ஸ்கிரிப்டை அவள் எப்படி ஓட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. கைத்தொலைபேசியில் படம் பார்க்கிறவனுக்குத் தெரிந்தது தட்டுவது. பைலைக் கண்டேன், இரண்டு தரம் தட்டினேன். பிழை என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

"அப்பிடியே ஓட்டுறது? அதை வாசிக்கிற புரோகிராமின்ரை பேரைச் சொல்லியெல்லோ..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "வாறவரும் உங்களை மாதிரித் தட்டினால்?"

பைலைத் திறந்து பார்த்தாள். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். முதல் வரியில் பிள்ளையார் சுழி. பள்ளிக்கூடத்துக் கொப்பியில் பழகிய கை, இங்கேயும் முதலில் அதைத்தான் போட்டிருக்கிறது. கணினி அதை வாசிக்காமல் தாண்டிப் போகட்டும் என்று முன்னால் ஒரு அடையாளமும் வைத்திருந்தாள். ஆனால் தன்னை எந்தப் புரோகிராம் வாசிக்கவேண்டும் என்று பைல் சொல்கிற இடம் அந்த முதல் வரிதானாம். இவள் ஒவ்வொரு தரமும் பேர் சொல்லியே ஓட்டியதால் பிழை தெரியாமலே இருந்துவிட்டது.

"பிள்ளையார் வழியை மறிச்சுக்கொண்டு இருக்கிறார்."

"அப்பிடிச் சொல்லாதையும்! எடுக்கப் போறீரோ?"

"எடுக்கேல்லை. புரோகிராமின்ரை பேரை முதல் வரியிலை போட்டிட்டு, இவரை ரெண்டாம் வரிக்கு இறக்கிறன்."

"பிள்ளையாரை ரெண்டாவதாவோ? எங்கையாவது நடக்கிற காரியமோ?"

"கோயில் வாசல்லை துவாரபாலகர் நிக்கினமோ இல்லையோ? அவையைத் தாண்டித்தானே உள்ளுக்குப் போறீங்கள்? முதல் வரி அவைக்கு. உள்ளுக்கை முதல் ஆள் அவர்தான்."

"இதும் உம்மடை படிப்பிலை சொல்லித் தந்ததோ?" என்று கேட்டேன். "நீங்கள் கண்ணை மூடிக் கும்பிடேக்கை நான் பாத்துக்கொண்டு நிக்கிறனான்" என்றாள்.

அவள் லப்டொப்பை மறுபடி அழித்துத் தர, நான் மறுபடி தட்டினேன். வரிவரியாக எழுத்து ஓடியது. தேத்தண்ணி குடித்து முடிக்க, அவளுடைய கொம்பனி செய்கிற வெப்சைட், ஒரு சீஸ் கடையினுடையது, படங்களோடு வந்து நின்றது. "அரோகரா!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

திங்கட்கிழமை நான் வேலையில் நின்றேனே தவிர மனம் அங்கே இல்லை. சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டு, ஒரு ஐயாவிடம் பேச்சும் வாங்கினேன். இடைவேளையில் பார்த்தால் அவளுடைய செய்தி: "பாதியிலை நிண்டிட்டுது." அடுத்தது: "இன்ரர்நெட் போனது. திரும்ப ஓட்டினம், விட்ட இடத்திலை இருந்து போகுது." அதற்கடுத்தது: "முடிஞ்சுது. ஷெஃப் கூப்பிடுறார்." அதன்பிறகு ஒன்றுமில்லை.

பின்னேரம் துடைக்கிற வேலைக்கு உடுப்பு மாற்ற வீட்டுக்கு வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிக்க முடியவில்லை. சப்பாத்தைக் கழற்றியபடி, "என்னை வேலையிலை வைச்சிருக்கினமாம்" என்றாள், பால் வாங்கியாச்சு என்று சொல்வது மாதிரி. நான் சாமித் தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். கண் நிறைந்து ஒரு படமும் தெரியவில்லை.

அவள் போனை எடுத்தாள். துடைக்கிற வேலையின் மேற்பார்வைக்காரியிடம், இந்த மாதக் கடைசியோடு வேலையை விடுகிறேன், கடிதமும் அனுப்புகிறேன் என்று டொச் பாஷையில் தடங்காமல் சொன்னாள்.

"உடனேயே சொல்லிப்போட்டீர். கொஞ்சம் பொறுத்திருக்கலாமே?"

"பொறுத்தது காணும்" என்று எழுந்தாள்.

"இண்டைக்கு எண்டாலும் வீட்டிலை நில்லுமன்."

"மாதம் முடியுமட்டும் வாறன் எண்டு இப்பதானே சொன்னனான்!"

அதனால் நானும் கூடப் போனேன். அவளை ஒரு கதிரையில் இருத்திவிட்டு வாளியையும் துணியையும் நான் வாங்கிக்கொண்டேன். மேசைகளுக்குக் கீழே முழங்காலில் ஊர்ந்து துடைத்துக்கொண்டு போக, பின்னால் குரல் வந்தது.

"அந்த மூலையை விட்டிட்டீங்கள்."