எனக்கு ஒன்றே போதும்

ஆடி மாதம் முழுக்கத் தேரடித் தெரு துணிக்கடைகளில் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று போர்டு தொங்கும். எங்கள் வீட்டில் ஒருவர் திட்டு வாங்கும்போது பக்கத்தில் நிற்பவருக்கும் இரண்டு விழுந்தால், அதற்கும் இதே பெயர்தான். கணக்கு படித்தவள் நான்; கடை போர்டுக்குப் பாதி விலை என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா?

கையில் எழுநூறு ரூபாய். பிடித்துப்போன புடவை ஆயிரத்து இருநூறு. மறுநாள் காலை ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு இண்டர்வியூ. புடவை கட்டித்தான் வர வேண்டுமாம். என்னிடம் இருந்ததெல்லாம் சுடிதார்.

"ஒன்னு மட்டும் குடுங்க, அறுநூறு தர்றேன்" என்றேன்.

"அப்படிலாம் தர முடியாதுங்க. ரெண்டா எடுத்தாதான் ஆஃபர்" என்றாள் விற்பனைப் பெண்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து வெறுங்கையோடு திரும்புவதா? வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கடை நடுவில் நின்று கத்தினேன்: "யாருக்காவது ஒரு புடவை போதுமா? ஆளுக்குப் பாதி போட்டுக்கலாம்!"

கடையே திரும்பிப் பார்த்தது. ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்த ஓர் அக்கா.

"எனக்கும் ஒன்னுதாம்மா வேணும். யாரைக் கேக்கறதுன்னு எவ்ளோ நேரமா முழிச்சிக்கிட்டு நிக்கறேன்!"

ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருவரும் அடுக்கையே புரட்டிப் போட்டோம். அவருக்குப் பச்சை, எனக்கு நீலம். போன் நம்பர்கூட வாங்கிக்கொண்டேன். பில் போடும் வரிசையில்தான் கேட்டேன்: "என்ன விசேஷம்க்கா?"

"நாளைக்கு இண்டர்வியூம்மா. கணக்கு டீச்சர் வேலை."

பள்ளியும் அதே பள்ளி. இருந்ததோ ஒரே ஒரு இடம்.

நான் விலகினால் அவருக்குப் புடவை இல்லை. அவர் விலகினால் எனக்கும் இல்லை. அவர்தான் முதலில் சிரித்தார். "லைன் நகருது பாரு, போம்மா."

மறுநாள் அவரை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவர் நேராக என்னிடம் வந்து குனிந்தார். "எட்டாங்கிளாஸுக்கு முக்கோணம் நடத்தச் சொல்றாங்க. பதட்டத்துல நான் சொதப்பிட்டேன். நீ அவசரப்படாத. போர்டுல பெருசா வரைஞ்சிட்டு அப்பறம் பேசு." அப்படியே செய்தேன்.

வேலை எனக்குக் கிடைத்தது! தலைகால் புரியவில்லை. அம்மாவிடம் சொல்வதற்கு முன்பே அவருக்குப் போன் போட்டேன்.

"அப்படியா! எனக்கு அப்பவே தெரியும்மா!" என்று என்னைவிட ஜாஸ்தியாகச் சத்தம் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அங்க வேற ஏதாச்சும் காலி இருந்தா கேட்டுச் சொல்றியாம்மா? டீச்சர் வேலைதான்னு இல்ல. எதுவா இருந்தாலும் பரவால்ல."